விற்ற பின்னும் பிடி விடாதவர்கள்

தொழில்நுட்பக் கம்பெனிகளைப் பற்றிய செய்தி எதுவாக இருந்தாலும் சரி, புதிய கைப்பேசி ஒன்றின் அறிமுகமாகட்டும், பழைய சேவை ஒன்றின் நிறுத்தமாகட்டும், செயற்கை நுண்ணறிவினால் மனித குலம் அடையப்போகும் க்ஷேமத்தைப் பற்றிய பிரகடனமாகட்டும், வாசகர்கள் அதை இந்நாளில் ஏளனத்தோடுதான் எதிர்கொள்கிறார்கள். இது எத்தனை மாதம் நிலைக்கும் என்று ஒருவர் கேட்கிறார். இதற்கும் சந்தா உண்டா என்று மற்றொருவர் கேட்கிறார். இந்தப் போக்கைக் கண்டு மனம் வருந்துகிற பெரியவர்கள் சிலர், விஞ்ஞானத்தின் மேல் ஜனங்களுக்கு இருந்த மதிப்புக் குறைந்துவிட்டதென்றும், சௌகரியங்களை அனுபவித்துக்கொண்டே அவற்றைத் தந்தவர்களைத் தூஷிக்கும் குணம் பெருகிவிட்டதென்றும் சொல்கிறார்கள். அவர்களுடைய வருத்தத்தில் எனக்குச் சம்மதமில்லை. முழுக் கிரயத்தையும் கொடுத்து ஒரு பொருளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அதன் பிடி இன்னும் விற்றவன் கையிலேயே இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டுகொண்ட மனிதன், வழக்காடப் பணமும் முறையிட இடமும் இல்லாமல் நிற்கும்போது, அவன் வாயிலிருந்து வருகிற பேச்சு ஏளனமாகத்தான் வரும். சட்டம் செய்கிறவர்கள் அதை ஒரு பிராதாக எடுத்துக்கொண்டு விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள்.

நம் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில், சொத்தை வாங்குகிறவர் அதைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதுவது வழக்கம். பணம் கைமாறிய அந்த க்ஷணத்தோடு விற்றவருடைய அதிகாரம் தீர்ந்துபோகிறது. அதன்பின் கதவை மாற்றவும், சுவரை இடிக்கவும், தமக்கு இஷ்டமான கொத்தனாரை அழைக்கவும் வாங்கினவருக்கு உரிமை உண்டு. பொருள்களுக்குள் கணினி நிரல் புகுந்ததிலிருந்து இந்த நியதி சத்தமில்லாமல் மாறிப்போயிற்று. இரும்பும் கண்ணாடியும் வாங்கினவருக்குச் சொந்தம். அவற்றை இயக்கும் நிரலோ விற்றவருக்கே சொந்தம், வாங்கினவருக்கு அதை உபயோகிக்கும் அனுமதி மட்டுமே உண்டு என்று, ஒருவரும் படித்துப் பார்க்காத நீண்ட ஒப்பந்தங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். நிரல் இல்லாமல் இரும்பு அசையாது. ஆகவே அனுமதியை வைத்திருக்கிறவரே பொருளையும் வைத்திருக்கிறவர் ஆகிறார்.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குப் போலந்து தேசத்தில் நடந்த ஒரு விவகாரத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். அந்நாட்டில் லோயர் சைலீசியா மாகாணத்துக்குச் சொந்தமான ரயில்வே ஒன்று, நோவி சொன்ச் நகரத்து நெவாக் என்ற கம்பெனியிடமிருந்து இம்புல்ஸ் என்னும் மின்சார ரயில்களை வாங்கியிருந்தது. பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடியதும் அவற்றை முழுமையாகக் கழற்றிப் பூட்டிப் பராமரிக்க வேண்டும். அந்த வேலைக்கு ரயில்வே டெண்டர் விட்டபோது, எஸ்.பி.எஸ். என்ற வேறொரு பணிமனை அதைப் பெற்றது. நெவாக் தோற்றது. எஸ்.பி.எஸ். பணிமனையினர் 2022-ல் உற்பத்தியாளர் கொடுத்த கையேடுகளின்படியே ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிச் சீர்செய்து மறுபடி பூட்டினார்கள். ரயிலின் கணினி, எல்லாம் சரி, புறப்படலாம் என்று காட்டியது. ஆனால் மோட்டார்களுக்கு மின்சாரம் போகவில்லை. ரயில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அடுத்து வந்த ரயிலும் அப்படியே நின்றது. அவை பணிமனையில் முடங்கிக் கிடக்க, ரயில்வே வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. நெரிசலில் நின்று பயணம் செய்த ஜனங்களுக்குக் காரணம் தெரியாது.

கையேட்டில் விடை கிடைக்காத பணிமனையினர், கணினிப் பாதுகாப்பில் தேர்ந்த டிராகன் செக்டர் என்ற போலந்துக் குழுவினரை அழைத்தார்கள். அந்த நிபுணர்கள் ரயிலின் கட்டுப்பாட்டுக் கணினியிலிருந்த நிரலைப் பிரித்துப் படித்துக் கண்டதாகச் சொன்ன விஷயங்கள் திடுக்கிடச் செய்பவை. போட்டிப் பணிமனைகள் அமைந்திருக்கும் இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் நிரலுக்குள் எழுதப்பட்டிருந்தன. அந்த எல்லைக்குள் ரயில் பத்து நாள் நின்றால் அது தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். ஒரு வண்டியில், குறிப்பிட்ட தேதி கடந்ததும் காற்றழுத்தி பழுதாகிவிட்டது என்று பொய்யாக அறிவிக்கும் ஏற்பாடு இருந்தது. இன்னொன்றில் ஒரு பாகத்தை மாற்றினாலே வண்டி பூட்டிக்கொண்டது. ஓட்டுநர் அறையில் சில பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் பூட்டு விலகும் என்ற ரகசியமும் கையேட்டில் இல்லை, நிரலில் இருந்தது. 2023 டிசம்பரில் ஹாம்பர்க் நகரத்தில் கூடிய கேயாஸ் கணினி மன்றத்தின் வருடாந்தர மாநாட்டில் அவர்கள் இதைப் பகிரங்கமாக எடுத்துச் சொன்னார்கள். நெவாக் கம்பெனி குற்றச்சாட்டுகளை அடியோடு மறுத்தது. அந்த நிரலுக்குத் தான் பொறுப்பல்ல என்று சொன்னதோடு நில்லாமல், பணிமனையின் மீதும் நிபுணர்கள் மீதும் வழக்குத் தொடர்ந்தது.

அந்த வழக்குகளின் தீர்ப்பு எதுவானாலும், ஒரு விஷயம் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாகாண அரசாங்கத்தின் ரயில்வே, தன் சொந்தப் பொறியாளர்கள், ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட கையேடு, டெண்டர், ஒப்பந்தம் ஆகிய சகல சாதனங்களும் கையில் இருந்தும், தான் கிரயம் கொடுத்து வாங்கிய ரயில் ஏன் நிற்கிறது என்று அறிந்துகொள்ள முடியாத நிலையில் இருந்தது. தனி மனிதன் என்ன செய்வான்?

தனி மனிதர்களுக்கு நேர்ந்தவற்றைச் சொல்லப்போனால் இடம் போதாது. வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் ஓரிடத்திலிருந்து இயக்கும் ரிவால்வ் என்ற 300 டாலர்ப் பெட்டியை, வாழ்நாள் சேவை உண்டு என்ற வாக்குறுதியோடு அமெரிக்காவில் விற்றார்கள். 2014-ல் கூகிளுக்குச் சொந்தமான நெஸ்ட் கம்பெனி ரிவால்வை வாங்கியது, 2016 மே மாதத்தில் அந்தப் பெட்டிகள் யாவும் ஒரே நாளில் செயலிழந்தன. பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2022-ல் சில நாடுகளில், காரின் இருக்கைக்குள் ஏற்கெனவே பொருத்தி விற்ற சூடேற்றியை இயக்குவதற்கு மாதச் சந்தா கேட்டது. கண்டனம் வலுத்ததால் மறு வருஷம் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தபோது, புதிய பதிப்பு விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்படாத, மற்றபடி ஒரு குறையும் இல்லாத கணினிகளை வைத்திருந்தவர்கள் இங்கேயும் எத்தனையோ பேர். இவற்றை நஷ்டம், எரிச்சல், வீண்செலவு என்று சொல்லலாம். அதற்கு மேலே போகிற ஒரு சம்பவம் உண்டு. ஏளனம் செய்கிறவர்களும் அதைப் படித்தால் ஏளனத்தை மறந்துவிடுவார்கள்.

கலிபோர்னியாவில் 1998-ல் தோன்றிய செகண்ட் சைட் என்ற கம்பெனி, பரம்பரை நோயினால் விழித்திரை அழிந்து பார்வை இழந்தவர்களுக்காக ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையை உருவாக்கியது. மூக்குக்கண்ணாடியில் ஒரு சிறிய காமிரா, இடுப்பில் அணியும் ஒரு கணினிப் பெட்டி, விழிக்குள் அறுவைச் சிகிச்சை செய்து பதித்த அறுபது மின்முனைகள்: இவை சேர்ந்து மங்கலான ஒளிப் புள்ளிகளாக உலகத்தைக் காட்டின. முகம் தெரியாது, எழுத்து தெரியாது. ஆனால் வாசற்கதவு எங்கே இருக்கிறது, தெருவைக் கடக்கும் கோடுகள் எங்கே தொடங்குகின்றன என்று பல வருஷ இருட்டுக்குப் பின் அறிந்துகொள்ள முடிந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-ல் இதற்கு அனுமதி வழங்கியது. விலை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர். உலகம் முழுவதும் 350-க்கு மேற்பட்டவர்கள் இதைப் பொருத்திக்கொண்டார்கள். அவர்கள் கண்ணைக் கத்திக்குக் கொடுத்து, மாதக்கணக்கில் பயிற்சி செய்து, புள்ளிகளைப் பார்வையாக்கக் கற்றுக்கொண்டவர்கள்.

2019-ல் கம்பெனி இந்தச் சாதனத்தைக் கைவிடத் தீர்மானித்தது. 2020-ல் பெரும்பாலான ஊழியர்களை நீக்கிவிட்டு மூடும் தறுவாய்க்கு வந்தது. அதன்பின் நேர்ந்ததை ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் பத்திரிகை 2022-ல் விரிவாக வெளியிட்டது. இடுப்புப் பெட்டி பழுதானால் மாற்றுப் பெட்டி கிடையாது; காமிரா உடைந்தால் உதிரிப் பாகம் கிடையாது; மூளையில் கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஸ்கேன் எடுக்கப் போனால், உள்ளே இருக்கும் கருவியோடு எடுப்பது அபாயமா இல்லையா என்று மருத்துவர் கேட்பதற்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. கருவி நின்றுபோன ஒருவருக்கு மீண்டும் இருட்டு வந்தது, கண்ணுக்குள் பதித்த உலோகமோ அங்கேயே இருந்தது. வியாபாரம் நொடித்துப்போவது பாவமல்ல. எந்தக் கம்பெனியும் நொடிக்கலாம். வரைபடங்களும் நிரலும் பழுதுபார்க்கும் முறையும் கம்பெனியின் சொத்தாகவே பூட்டிக் கிடக்க, அவற்றைத் தம் உடம்புக்குள் சுமந்தவர்களுக்கு அவற்றின் மேல் யாதொரு பாத்தியதையும் இல்லாமல் போனதைத்தான் நான் அநீதி என்று சொல்கிறேன்.

கம்பெனிகளின் தரப்பில் சொல்லப்படும் ஆட்சேபணைகளை அலட்சியம் செய்வதற்கில்லை. நிரலைத் திறந்துவிட்டால் திருடர்கள் புகுவார்கள் என்கிறார்கள். தெரியாதவர் கைவைத்தால் விபத்து நேரும் என்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன் விற்ற பொருளுக்காக என்றென்றைக்கும் சர்வர்களை நடத்துவது கட்டாது என்கிறார்கள். கடைசி வாதம் முற்றிலும் நியாயமானது. என்றென்றைக்கும் நடத்தும்படி யாரும் கேட்கவில்லை. தாம் நடத்துவதை நிறுத்துகிற அன்றைக்கு, பிறர் நடத்துவதற்குத் தடையாக இராமல் விலகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் கேட்பது. முதலிரண்டு வாதங்களும் கம்பெனி உயிரோடு இருந்து பொருளைப் பராமரிக்கும்வரை ஓரளவு செல்லும். கைவிட்ட பொருளில் புகும் திருடனைத் தடுக்க அந்தக் கம்பெனியே வரப்போவதில்லை. ஆனால் சட்டம் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் 1998-ஆம் வருஷத்து டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அங்கே விதிவிலக்குகள் கோரலாம். கிடைத்தாலும், பூட்டைத் திறக்க ஒருவர் செய்த கருவியை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. நிரல் எழுதத் தெரியாத விவசாயிக்கும் மெக்கானிக்குக்கும் இந்த விலக்கினால் என்ன பிரயோஜனம்?

விலகிக்கொள்வது சாத்தியந்தான் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 2012-ல் ஜனங்களிடமே முன்பணம் திரட்டித் தொடங்கிய பெபிள் என்ற கைக்கடிகாரக் கம்பெனி 2016-ல் மூடப்பட்டு, அதன் உடைமைகள் ஃபிட்பிட்டுக்கும், பின்னர் ஃபிட்பிட்டோடு சேர்ந்து கூகிளுக்கும் போயின. 2018-ல் சர்வர்கள் நிறுத்தப்பட்டபோது, கடிகாரத்தின் மேல் அபிமானம் கொண்டவர்கள் ரெபிள் என்ற குழுவாகச் சேர்ந்து தாங்களே மாற்றுச் சேவை ஒன்றைக் கட்டி நடத்தினார்கள். 2025 ஜனவரியில் கூகிள் அந்தக் கடிகாரத்தின் நிரலைப் பெரும்பாலும் அப்படியே பொதுவில் வெளியிட்டது. பழைய கடிகாரங்களுக்கு மறுபடி உயிர் கிடைத்தது. கூகிளுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. ஒரு கம்பெனி தன் மனம் உவந்து செய்ததை மற்றவை சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்யட்டும்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதுமில்லை. வங்கிகளும் பெரிய தொழிற்சாலைகளும் முக்கியமான மென்பொருளை வாங்கும்போது, அதன் மூல நிரலை மூன்றாம் மனிதர் ஒருவரிடம் ஒப்படைக்கச் சொல்லி ஒப்பந்தம் செய்துகொள்வது நெடுநாளைய வழக்கம். விற்றவர் திவாலானாலோ பராமரிப்பைக் கைவிட்டாலோ, ஒப்படைத்தது வாங்கினவர் கைக்கு வந்துவிடும். வழக்கறிஞர் வைத்துப் பேரம் பேசும் சக்தி உள்ளவர்களுக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, கடையில் வரிசையில் நின்று வாங்குகிற சாமானியனுக்கு மட்டும் கிடையாது. இந்த ஒரு பேதத்தை நீக்கினாலே மேலே சொன்ன சங்கடங்களில் பெரும்பகுதி தீரும்.

சட்டங்கள் வராமல் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், உதிரிப் பாகத்தை மாற்றினால் பொருள் அதை ஏற்க மறுக்கும்படி நிரலில் செய்யும் ஏற்பாட்டை 2024-ல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதே வருஷத்தில் பழுதுபார்க்கும் உரிமைக்கான கட்டளையை இயற்றி, 2026 ஜூலை 31-ஆம் தேதியை உறுப்பு நாடுகளுக்குக் கெடுவாக விதித்தது. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் ஒன்றைத் திறந்திருக்கிறது. கம்பெனிகளின் பராமரிப்பு விவரங்களை ஓரிடத்தில் திரட்டித் தருவது நல்ல காரியமே, ஆயினும் விவரம் தருவதும் உரிமை தருவதும் ஒன்றாகிவிடாது. ஐரோப்பியக் கட்டளையோ துணி துவைக்கும் யந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைப்பேசி என்று பெயர் சொல்லி எழுதிய பொருள்களுக்கு மட்டுமே பழுதுபார்க்கும் கடமையை விதிக்கிறது. போலந்து ரயில் அந்தப் பட்டியலில் இல்லை. ஆர்கஸ் 2-ம் இல்லை.

சகல பொருள்களுக்கும் ஒரே நாளில் நியாயம் செய்துவிட முடியாது என்றால், உடம்புக்குள் பதிக்கும் கருவிகளிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி இல்லாமலும், இந்தியாவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி இல்லாமலும் அத்தகைய கருவி எதையும் விற்க முடியாது. வரைபடத்தையும் நிரலையும் நடுநிலையான ஒருவரிடம் ஒப்படைத்த ரசீதை விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடு, கம்பெனி கைவிட்டால் நோயாளியின் மருத்துவர் அதைப் பெறுவார் என்று எழுதிக் கையெழுத்திடு என்பதை அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதுவும் அடுத்த கருவிக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்பாகவே சேர்க்க வேண்டும்.