புதுசா ஆஸ்பத்திரி வேலையில் சேர்றீங்களா? பிஎல்எஸ் பற்றி ஒரு இழை

1/ டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், டெக்னீசியன், வார்டு பணியாளர்னு புதுசா பணியில் சேரும் தம்பி தங்கைகளுக்கு இந்த இழை. "பிஎல்எஸ் சர்டிபிகேட் அவசியமா சார்?"னு இன்பாக்ஸ்ல அடிக்கடி கேக்குறீங்க. அவசியம்தான். ஆனா கார்டுக்காக இல்ல.

2/ பிஎல்எஸ் என்பது அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைஞ்சது 5 செ.மீ. ஆழத்துக்கு நெஞ்சை அழுத்தணும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஏஈடி கருவியைப் பயன்படுத்தத் தெரியணும். மருந்து, ஈசிஜி எல்லாம் அடுத்த படியான ஏசிஎல்எஸ்.

3/ அமெரிக்க இதய சங்கத்தின் கார்டு 2 வருஷம் செல்லும். நம்ம நாட்டு மயக்கவியல் மருத்துவர்களும் 2017-ல் தனி வழிமுறைகள் வெளியிட்டாங்க. பொதுமக்களுக்கு சிஓஎல்எஸ், மருத்துவமனைக்கு வெளியே சிகிச்சை தர்றவங்களுக்கு பிசிஎல்எஸ், உள்ளே இருக்கறவங்களுக்கு சிசிஎல்எஸ்.

4/ வளைகுடா நாட்டு வேலைக்குப் போற நர்ஸ்கள்கிட்ட கார்டு கேட்பாங்க. என்ஏபிஹெச் அங்கீகாரத்துக்கும் ஊழியர்களுக்கு சிபிஆர் பயிற்சி வேணும். 2019-ல் வந்த புது எம்பிபிஎஸ் பாடத்திட்டத்துல முதல் வருஷ ஆரம்பத்துலயே இது இருக்கு. எங்க காலத்துல இல்ல. எல்லாம் நல்ல மாற்றம்.

5/ இப்ப என் கருத்து. வகுப்புல சொல்ற கதை பெரும்பாலும் ஒண்ணுதான்: நடுத்தர வயசுக்காரர், திடீர் மாரடைப்பு, ஏஈடி, ஷாக். அது வேணும். ஆனா தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் வேலை பாக்குறவங்க கூடவே வேற மூணு பேரையும் மனசுல வைக்கணும். மூணு பேருக்கும் முதல்ல நிக்கறது மூச்சு. இதயம் அப்புறம்தான்.

6/ ஒண்ணு, தண்ணீரில் மூழ்கிய பிள்ளை. மேட்டூர் திறந்து கல்லணைக் கால்வாய்லயும் வெண்ணாத்துலயும் தண்ணி ஓடும்போது நமக்கு இந்தப் பயம் உண்டு. இங்க முதல்ல மூச்சு கொடுக்கணும், பிறகு அழுத்தம். தலைகீழா தூக்கிச் சுத்துறது, வயித்தை அமுக்கறது வேண்டவே வேண்டாம். பயிற்சி இல்லாதவங்க நெஞ்சை மட்டுமாவது அழுத்தட்டும், சும்மா நிக்கறதை விட அது மேல். பயிற்சி பெற்ற நமக்கு அது போதாது.

7/ ரெண்டு, கட்டுவிரியனோ நல்லபாம்போ கடிச்சவர். இமை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னா அடுத்து மூச்சுத் தசை. விஷமுறிவு மருந்து போட்டாலும் அது மீள நேரமாகும். அதுவரை ஆம்பு பேகைப் பிடிச்சிருக்கற கைதான் அவர் உயிர். முழுசா செயலிழந்து கண்மணி விரிஞ்சு கிடந்தாலும் மூளைச்சாவுன்னு முடிவு கட்டாதீங்க. மூச்சு கொடுத்துக்கிட்டே இருந்தா எழுந்து உட்காருவாங்க.

8/ மூணு, பூச்சிமருந்து குடிச்சவர். சுரப்பு நிறைஞ்சு மூச்சு அடைக்கும். உறிஞ்சி எடுக்கணும், மூச்சு கொடுக்கணும், கூடவே அட்ரோபின்.

9/ ஆம்பு பேக் பார்க்கத்தான் சுலபம். முகத்துல மாஸ்க் சரியா படியலைன்னா காத்தெல்லாம் பக்கவாட்டுல போயிடும், நெஞ்சு தூக்காது. ஒருத்தர் ரெண்டு கையாலயும் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருத்தர் பேகை அமுக்கறதுதான் நல்ல முறை. ராத்திரி டியூட்டியில அந்த ரெண்டாவது ஆள் யாரு? பெரும்பாலும் வார்டு பணியாளர் அக்கா. அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

10/ அதனால நான் கேக்கறது நாலு. பணியில் சேர்ந்த முதல் மாசத்துக்குள்ள, சொந்தக் காசு இல்லாம, டியூட்டி நேரத்துலயே பயிற்சி. டாக்டர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும். 3 மாசத்துக்கு ஒருமுறை பொம்மையில் 10 நிமிஷப் பயிற்சி. ஷிப்ட் மாறும்போது மருந்துக் கணக்கோட, குழந்தை சைஸ் மாஸ்க் இருக்கான்னும் ஒரு டிக்.

11/ "ஆளே பத்தல, இதுல பயிற்சியா?"ன்னு கேப்பீங்க. ஆள் பத்தாத இடத்துலதான் இருக்கற ஒவ்வொரு கையும் பழகியிருக்கணும். கத்துக்கிட்டது சில மாசத்துலயே மங்கிடும். கார்டுல மட்டும் 2 வருஷம்னு இருக்கும்.

12/ சேர்ந்த முதல் நாளே ஆம்பு பேக் எங்க இருக்குன்னு கேளுங்க. எடுத்து மாஸ்க்கைப் பொருத்தி, அமுக்கிப் பாருங்க. ஓட்டையா இருந்தா அன்னைக்கே எழுதிக் கொடுங்க. வேலையில் சேரும் உங்க நண்பருக்கும் பகிருங்க.