நங்கூரம் போட இடம் வேணும்

நான் இதுவரைக்கும் பாய்மரப் படகில் ஏறியதே கிடையாது. பி.காம் படிக்கிறவனுக்கு நங்கூரத்தோட என்ன வேலைன்னு வகுப்புத் தோழர்கள் சிரிக்கலாம், சிரிச்சுக்கோங்க :-) ஆனா ஆர்தர் ரான்ஸம் 1937-ல் எழுதின 'வீ டிடின்ட் மீன் டு கோ டு ஸீ' என்ற சிறுவர் நாவலைப் படிச்சதிலிருந்து, இங்கிலாந்தின் ஆர்வெல் ஆறு மண்டையை விட்டுப் போக மாட்டேங்குது. அதில் பின் மில் என்ற ஆற்றங்கரை ஊரிலிருந்து கிளம்பும் பிள்ளைகள், மூடுபனியில் படகு இழுத்துக்கொண்டு போக, கடல் தாண்டி ஹாலந்தில் போய் நிற்கிறார்கள். காரணம் ரொம்பச் சின்னது. கடல் ஏற்றம் வந்தது, நங்கூரச் சங்கிலி போதவில்லை.

அந்த ஆற்று முகத்தில் பெரிய ஏற்றத்தின்போது தண்ணீர் சுமார் மூன்றரை மீட்டர் உயரும். வற்றத்தில் 2 மீட்டர் ஆழம் என்றால் ஏற்றத்தில் 5.5 மீட்டர். சங்கிலி குறைந்தது ஆழத்தைப் போல நாலு மடங்கு விடணும் என்பது படகுக்காரர்கள் கணக்கு. ஆக 22 மீட்டர். நீரோட்டம் திரும்பும்போதெல்லாம் படகும் அந்த அளவுக்கு வட்டமடிக்கும். பத்து படகு நின்றால் பத்து வட்டம், ஒண்ணை ஒண்ணு இடிக்கக் கூடாது.

இதனால்தான் மூரிங் வந்தது. அடியில் நிரந்தரமாக ஒரு கனமான எடை, அதிலிருந்து சங்கிலி, மேலே ஒரு மிதவை. படகை அதில் கட்டினால் வட்டம் சின்னதாகிவிடும், அதே இடத்தில் நிறைய படகுகள் நிற்கலாம். காஸ்ட் அக்கவுண்டிங் படிச்ச மூளைக்கு இது சரியாகவே படும். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

ஆனா மூரிங்குக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. அவர் மாசக்கணக்கில் வராவிட்டாலும் அந்த மிதவை அங்கேதான் மிதக்கும். இருட்டும் நேரத்தில், காற்று மாறிவிட்டதே என்று ஒதுங்க வருகிற வெளியூர்ப் படகுக்கு, மிதவைகளுக்கு நடுவே நங்கூரம் போட இடம் இருக்காது. போட்டாலும் கீழே கிடக்கிற சங்கிலியில் போய் மாட்டிக்கொள்ளும்.

சட்டம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகவே பார்த்திருக்கிறது. 1968-ல் ஃபவ்லி மரைன் வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏற்றவற்ற நீரில் பயணம் செய்யும் பொது உரிமையில் தற்காலிகமாக நங்கூரம் போடுவது அடங்கும், நிரந்தர மூரிங் பதிப்பது அடங்காது என்றது. அதாவது நங்கூரம் எல்லோருக்கும் உள்ள உரிமை. மூரிங்குக்கு அடித்தரையின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கணும். வாங்கினவர்கள் பெருகப் பெருக, உரிமை காகிதத்தில் மட்டும் பத்திரமாக இருக்கும்!

கடற்புல் கதையும் தெரியும். ஸ்டட்லண்ட் விரிகுடாவில் கடல்குதிரைகள் வாழும் புல்வெளியை நங்கூரங்கள் பிய்க்கின்றன. 2019-ல் அது பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. அங்கே நங்கூரம் வேண்டாம் என்றால் நான் ஒத்துக்கொள்வேன். ஆனா சாதாரண மூரிங் சங்கிலியும் சுற்றிச் சுற்றி அடித்தரையைச் சுரண்டத்தான் செய்யும். அதைத் தரையில் புரளாமல் தூக்கி வைக்கும் புது வகை மூரிங் தேவைப்பட்டதே அதனால்தானே? புல் இல்லாத வெறும் சேற்றாற்றில் இந்தக் காரணத்தைச் சொல்லி நங்கூரத்தைத் துரத்துவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

மூரிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆற்றிலும் காற்று படாத, ஆழமுள்ள ஒரு துண்டையாவது மிதவை போடாமல் விட்டு வைக்கட்டும். ஓரத்தில், யாருக்கும் வேண்டாத ஆழமில்லாத இடத்தைக் காட்டி 'இதோ உங்களுக்கு' என்பது கணக்கில் சேராது.