எலும்பு பார்க்கும் ரெண்டு செக்

"உடம்பு தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கும்." இப்படி ஆறுதல் சொல்பவர்களைச் சடையங்குப்பத்துக்குக் கூட்டிட்டு வரணும். ஒரு பக்கம் மணலி ஆலைகள், இன்னொரு பக்கம் எண்ணூர் கழிமுகத்தில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பல். நிலக்கரிச் சாம்பலில் ஈயமும் உண்டு.

வளரும் எலும்பு தேர்ந்தெடுத்துத்தான் கனிமங்களை எடுக்கிறது, உண்மை. எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறது? அயனியின் மின்னூட்டம் இரண்டா, அளவு கால்சியத்துக்குக் கிட்டத்தில் இருக்கா? பெரும்பாலும் இந்த ரெண்டு செக்தான். ஈயம் ரெண்டிலும் பாஸ் ஆகி, கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்துவிடும். ஸ்ட்ரான்ஷியமும் அப்படியே. 1950களின் அணுகுண்டுச் சோதனைகள் கக்கிய ஸ்ட்ரான்ஷியம்-90ஐ, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் குழந்தைகளின் பால்பற்களில் விஞ்ஞானிகள் அளந்து காட்டினார்கள்.

"பிளட் டெஸ்ட் நார்மல்" என்பது அடுத்த சமாளிப்பு. ரத்தத்தில் ஈயத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு மாதம். எலும்பில் பல பத்தாண்டுகள். இன்று இங்கே மண்ணில் விளையாடும் சிறுமி நாளை கர்ப்பமாகும்போது, குழந்தைக்காக அவள் எலும்பு கால்சியத்தை விடுவிக்கும். பழைய ஈயமும் கூடவே வரும்.

"நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்பார்கள். கால்சியமும் இரும்பும் குறைந்தால் குடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும், சரி. அதற்காக ஆலைக் கழிவுக்கும் சாம்பலுக்கும் ஏழையின் தட்டை எப்படிப் பொறுப்பாக்குவது?

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒருநாள் மருத்துவ முகாம் போதாது. இங்குள்ள பள்ளிகளில் வருடா வருடம் குழந்தைகளின் ரத்த ஈயத்தை அளந்து, ஊர்வாரியாக வெளியிடுங்கள். எலும்பு கணக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. அரசுக்கு மட்டும் என்ன தயக்கம்?