போட்டோ எடுத்தாச்சு, வீட்டைப் பார்த்தது யாரு?

வெளியூரில் உட்கார்ந்துகொண்டு சொந்த ஊரில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். பணம் அனுப்புவதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. தளம் போடுகிற அன்னிக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்பதுதான் கவலை. கம்பி எத்தனை எம்.எம்., கலவை என்ன விகிதம் என்று கேட்கத் தெரிந்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ வேண்டும். மேஸ்திரி அனுப்புகிற போட்டோவை மட்டும் நம்பி அடுத்த தவணையை அனுப்புவோமா? மாட்டோம்.

ஆனால் பழங்குடி கிராமங்களில் அரசுப் பணத்தில் எழும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த போட்டோதான் சாட்சி. ராஞ்சியில் குப்பை கொட்டும் சிவில் எஞ்சினியர் என்ற முறையில் இது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் விவரம். இந்திரா ஆவாஸ் யோஜனாவுக்குப் பதிலாக 2016-ல் பிரதமரின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டம் வந்தது. சமவெளியில் வீட்டுக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிகளில் 1.30 லட்சம். அப்புறம் 2023 நவம்பர் 15 அன்று, இங்கே ராஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் குந்தியில், பி.எம். ஜன்மன் திட்டம் தொடங்கப்பட்டது. நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ள 75 பழங்குடிக் குழுக்களுக்கானது. வீட்டுக்கு 2 லட்சம், அறிவித்த இலக்கு 4.90 லட்சம் வீடுகள். நம்ம ஊர் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோரும் இந்த 75-க்குள் அடக்கம்.

பணம் தவணை தவணையாக வரும். அஸ்திவாரம், பேஸ்மட்டம், ஜன்னல் மட்டம், லிண்டல், தளம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறியோடு போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். இதை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டாத வீட்டுக்குப் பணம் எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் திருட்டுக்கு இது நல்ல பூட்டு. ஆனால் வீடு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, நிற்குமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குத்தான் போட்டோவில் பதில் இருக்கிறது.

தளத்துக்கு அடியில் கவர் பிளாக் வைத்தார்களா, கம்பி நேராகச் சென்ட்ரிங் பலகையில் படுத்துக் கிடந்ததா? கலவையில் எத்தனை குடம் தண்ணீர் கூடுதலாகப் போனது? தலைச்சுமையாக மலையேறிய சிமெண்ட் மூட்டை ஏற்கனவே பாதி கட்டி தட்டியிருந்ததா? எந்த கேமராவும் இதைச் சொல்லாது.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர் விடுவது. நம் ஐ.எஸ். 456 விதிப்படி, இப்போது பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. மாதிரியான கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் கான்கிரீட் ஈரமாகவே இருக்க வேண்டும். வறண்ட வெயில் காலத்தில் 14 நாள் நல்லது. மே மாதத்தில், குடிக்கிற தண்ணிக்கே ஒரு மைல் நடக்கிற ஊரில், இதை யார் வலியுறுத்துவது? தளம் போட்ட அன்றே போட்டோ ஏறிவிடும். அதற்கப்புறம் வரும் அந்த 10 நாளை யாரும் பார்ப்பதில்லை. சில வருடம் கழித்து ஒழுகும்போது, "இவங்களுக்கு வீட்டைப் பராமரிக்கத் தெரியலை" என்று ஒரு பேச்சு வரும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேரில் பார்ப்பதற்கு விதி இல்லாமலில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் முடிந்தவரை 10 சதவீத வீடுகளை வட்டார அதிகாரிகளும், 2 சதவீதத்தை மாவட்ட அதிகாரிகளும் பார்க்க வேண்டும் என்கிறது வழிகாட்டி நெறிமுறை. மீதி? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிராம அளவிலான ஊழியர் பொறுப்பு. பாவம், அவருக்கு ஆயிரம் வேலை. கட்டுமானம் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. கொத்தனாருக்கு 45 நாள் பயிற்சி உண்டு, தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. நல்ல திட்டம். ஆனால் அந்தக் கொத்தனாரின் வேலையைச் சரிபார்ப்பவருக்கு அப்படி எதுவுமே இல்லை!

என் கருத்து இதுதான். பழங்குடிப் பகுதிகளில் சில ஊராட்சிகளுக்கு ஒருவர் என்று, அந்தச் சமூகத்து ஆண்களையும் பெண்களையும் கட்டிட ஆய்வாளர்களாகப் பயிற்றுவித்து, தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சம்பளமும் கொடுக்க வேண்டும்.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. கனடாவில் கட்டிட விதிகளை அமல்படுத்துவது மாகாணங்களின் வேலை. ஆனால் பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலங்கள் மத்திய அரசின் கீழ் வருவதால் மாகாண விதி அங்கே போய்ச் சேர்வதில்லை. அந்த நிலங்களில் வாழும் பூர்வகுடியினரில் 37.4 சதவீதம் பேர் பெரிய பழுதுபார்ப்பு தேவைப்படும் வீடுகளில் இருந்ததாக 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது. பூர்வகுடியல்லாதவர்களில் இது 6 சதவீதத்துக்கும் கீழே. அங்கே பூர்வகுடிக் கட்டிட அலுவலர்களே தேசிய அளவில் சங்கம் அமைத்துத் தங்களுக்கான தொழில்முறைச் சான்றிதழையும் உருவாக்கினார்கள். சான்றிதழ் வந்ததும் வீடெல்லாம் சரியாகிவிடவில்லை. பணப் பற்றாக்குறை அப்படியே இருக்கிறது. ஆனால் "இது சரியில்லை, பிரித்துக் கட்டு" என்று சொல்ல, ஊருக்குள்ளேயே தகுதியுள்ள ஒரு ஆள் இருப்பது சின்ன விஷயமா?

"இன்னொரு கையெழுத்து என்றால் இன்னொரு லஞ்சம்தானே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது :-) நியாயமான பயம். அதனால்தான் தவணையை நிறுத்துகிற அதிகாரத்தை அவர் ஒருவர் கையில் கொடுக்கக் கூடாது என்கிறேன். அவர் அறிக்கை கிராம சபையில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படட்டும். 1996-ன் பெசா சட்டப்படி, அட்டவணைப் பகுதிகளில் திட்டப் பணம் ஒழுங்காகச் செலவானதற்குச் சான்று தர வேண்டியதே கிராம சபைதான். தளத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் அந்தச் சபை எதை வைத்துச் சான்று தரும்?

இன்னொரு பயம், படித்த பட்டணத்துப் பையன்களே இந்த வேலையையும் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது. அதற்குத் தேர்வை இந்தி, ஆங்கிலத்தில் மட்டும் வைக்காமல் சந்தாலி, முண்டாரி, ஹோ, குடுக் மொழிகளிலும் வையுங்கள். எழுத்தைவிடக் கட்டிடத்தில் நிறுத்திக் கேளுங்கள். மண்சுவர் எழுப்பி, ஓடு வேய்ந்து வாழ்ந்த கை அவர்களுடையது. எந்த மண் நிற்கும், எந்தப் பக்கம் சாரல் அடிக்கும் என்று அவர்களுக்கு எஞ்சினியர் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவுக்கும் மதிப்பெண் கொடுங்கள். கான்கிரீட்டை நாம் சொல்லிக்கொடுப்போம்.

நம் வீட்டுத் தளத்துக்கு நம்பிக்கையான ஆள் கேட்கிறோம். குந்தியில் இருக்கும் ஒரு முண்டா குடும்பமும் அதையே கேட்டால் அது அதிக ஆசையா என்ன?