மடியில் பைபிள், கண் மட்டும் போனில்

காலை அஞ்சரைக்கெல்லாம் எங்க சபை வாட்ஸ்அப் குரூப்பில் வாக்குத்தத்தம் வந்து விழுந்துடும். எரேமியா 29:11. உங்களுக்கு நல்ல எதிர்காலம் வெச்சிருக்கேன்னு கர்த்தர் சொல்ற அந்த வசனம். கீழே வரிசையா ‘ஆமென்’. கை கூப்பின படம். மறுபடி ‘ஆமென்’.

சரி, அதுக்கு முந்தின வசனத்தை யாராவது படிச்சீங்களா? பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுக்கிட்டுப் போனவங்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. எழுபது வருஷம் ஆகும்னு பத்தாம் வசனத்துல இருக்கு. எழுபது! அதுவரைக்கும் அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்கன்னு அதிகாரத்தோட ஆரம்பத்துலேயே சொல்லியாச்சு. கடிதத்தைக் கேட்ட பெரியவங்க எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பாங்க? நாம என்னடான்னா, லோன் இந்த வாரமே கிடைச்சுடும்னு அதுக்கு அர்த்தம் பண்றோம். இதுல பெரிய கூத்து, உங்க நடுவுல இருக்கிற தீர்க்கதரிசிகள் கிட்ட ஏமாறாதீங்கன்னு எட்டாம் வசனமும் அதே கடிதத்துல இருக்கு. அதை மட்டும் யாரும் ஃபார்வர்ட் பண்றதில்லை.

தீர்க்கதரிசின்னதும் ஞாபகம் வருது. கடலூர்க்காரங்களுக்குக் கடல் பயம் புதுசா? 2004 டிசம்பர் 26-ல் தேவனாம்பட்டினத்துல கடல் என்ன பண்ணுச்சுன்னு பார்த்தோம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோட சாய்ச்சதையும் பார்த்தோம். அந்தப் பயத்துலதான் இந்தக் காலத்துத் தீர்க்கதரிசிங்க கடை போடறாங்க. வங்கக்கடல்ல ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானா போதும், யூடியூப்ல ஒரு பிரதர் கோட்டு போட்டு வந்துடுவார். தம்ப்நெயில்ல பேரலை, சிவப்பு அம்புக்குறி, கீழே ஜிபே நம்பர். புயல் வந்தா, ‘நான்தான் முன்னாடியே சொன்னேனே’. வரலைன்னா, ‘ஜெபம் பண்ணித் தடுத்துட்டோம்’. எப்படிப் போட்டாலும் பூதான் விழும்! சொன்னது நடக்கலைன்னா அது கர்த்தர் சொன்னது இல்லைன்னு உபாகமம் 18-ல் தெளிவா இருக்கு. அதைத் திறந்து பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகுமா?

‘அவரும் வசனம்தானே சொல்றாரு’ன்னு ஒரு சிஸ்டர் என்கிட்ட சண்டைக்கே வந்தாங்க. அம்மா, இயேசுவை தேவாலயத்து உச்சியில நிறுத்திப் பிசாசு சொன்னதும் வசனம்தான். 91-ஆம் சங்கீதம்.

சிதம்பரத்துல படிக்கிற எங்க அண்ணன் மகள் கதை வேற. குழந்தையில எடுத்த ஞானஸ்நானம் செல்லாதுன்னு ஏதோ ஒரு ரீல்ஸ் அவளை ராத்திரி பூரா தூங்க விடலை. ஏஐ-கிட்ட கேட்டிருக்கா. அது சளைக்காம பதில் சொல்லி, வசன எண்ணும் கொடுத்திருக்கு. பைபிளைத் திறந்தா அந்த அதிகாரத்துல அத்தனை வசனமே கிடையாது. ‘என்ன சித்தப்பா இது?’ன்னு போன் பண்ணினா. அப்போஸ்தலர் 16-ஐ எடும்மான்னேன். சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கினாங்க. வீட்டுல கைக்குழந்தை இருந்துச்சா? எழுதலை. அப்ப 8-ஆம் அதிகாரத்து எத்தியோப்பிய மந்திரி? அவர் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு வாங்கினார். ரெண்டும் ஒரே புத்தகத்துலதான் இருக்கு. இதை வெச்சு உட்கார்ந்து பேசறதுக்குத்தானே சபையும் பாஸ்டர் ஐயரும்? முப்பது செகண்ட்ல தீர்ப்பு சொல்ல அந்த ரீல்ஸ்காரர் யாரு?

இந்தத் தமிழ் பைபிள் நமக்கு என்ன, சும்மா வந்ததா? சிதம்பரத்துலேர்ந்து கொள்ளிடம் தாண்டி, சீர்காழி வழியா போனா தரங்கம்பாடி. 1706-ல் அங்கே வந்து இறங்கின பாதிரியார் சீகன்பால்கு மணல்ல விரல் வெச்சுத் தமிழ் படிச்சார், கோட்டைச் சிறையிலயும் கிடந்தார். ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்து பெருசா இருந்து காகிதத்தைத் தின்னுதுன்னு, இங்கேயே சின்ன எழுத்து வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சாங்க. 36 வயசுல செத்தே போனார் மனுஷன்.

அவரை விடுங்க, ஆறுமுக நாவலரைப் பாருங்க. யாழ்ப்பாணத்துல பெர்சிவல் பாதிரியாரோட உட்கார்ந்து பைபிள் மொழிபெயர்ப்புல உழைச்ச சைவர். அப்புறம் மிஷனரிகளை எதிர்த்து எழுதினார், 1864-ல் சிதம்பரத்துல சைவப்பிரகாச வித்தியாசாலையும் தொடங்கினார். எதிர்த்தவரே வரிவரியா படிச்சுட்டுத்தான் எதிர்த்தார். விசுவாசிக்கிற நமக்கு தம்ப்நெயில் போதுமாம்!

போன்ல பைபிள் ஆப் வெச்சுப் படிக்கிறவங்களை நான் சொல்லலை. அதுவும் வேதம்தான். என் வயசுக்கு எழுத்தைப் பெருசாக்கிக்கிற வசதி வேற, புண்ணியமா போகட்டும். நான் சொல்றது, ஜிப் போட்ட பைபிளை மடியில வெச்சுக்கிட்டு, பிரசங்கம் நடக்கும்போதே கூகுள்ல ‘இது பாவமா’ன்னு தட்டறவங்களை.

பவுல் சொன்னதையே பெரோயா ஊர்க்காரங்க தினமும் வேதத்தைப் புரட்டி, சரியான்னு பார்த்தாங்க. லூக்கா அவங்களைப் பாராட்டித்தான் எழுதியிருக்கார். பவுலுக்கே அந்தக் கதின்னா, சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்றவரைக் கேள்வி கேட்டா என்ன குறைஞ்சுடும்? உடனே ‘ஊழியக்காரரைக் குறை சொன்னா சாபம்’னு மிரட்டறாங்க.

நிறைய சபைகள்ல வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் வேதபாட வகுப்பு நடக்குது. நாலு தாத்தா பாட்டி வர்றாங்க. சந்தேகம் இருக்கிறவங்க அங்க வாங்க. பைபிளையும் எடுத்துட்டு வாங்க, ஐயரை எவ்வளவு வேணும்னாலும் கேள்வி கேளுங்க. அவர் பதில் சொல்லித்தான் ஆகணும்.