நோபல் வென்றவருக்கு மதிப்பெண் குறைவா? 'ஹெச்-இண்டெக்ஸ்' கணக்கு சொல்வதும் சொல்லாததும்

2025-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி ஆகிய 3 பேர் பகிர்ந்துகொண்டனர். நோய் எதிர்ப்பு செல்கள் நம் உடலையே தாக்காமல் தடுப்பது எது என்ற கேள்விக்குக் கிடைத்த பரிசு இது. சகாகுச்சி பெயரில் நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. பிரன்கோ வெளியிட்டது அதில் சிறு பகுதிதான். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியரும் இல்லை.

பிரன்கோ செய்தது என்ன?

அமெரிக்காவில் பயோடெக் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபோது, பிறந்த சில வாரங்களில் இறந்துபோகும் ஒருவகை எலிகளை அவரும் ராம்ஸ்டெலும் ஆராய்ந்தனர். பழுதாகியிருந்த 'ஃபாக்ஸ்பி3' மரபணுவைக் கண்டுபிடித்து, 2001-ல் 'நேச்சர் ஜெனட்டிக்ஸ்' இதழில் வெளியிட்டனர்.

ஹெச்-இண்டெக்ஸ்னா என்ன?

2005-ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த கணக்கு. ஒருவரின் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மற்ற ஆய்வுகளில் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், அவரது மதிப்பெண் 20.

சிக்கல் எங்கே?

வெறும் 10 கட்டுரை எழுதியவருக்கு எத்தனை ஆயிரம் மேற்கோள் வந்தாலும் மதிப்பெண் 10-ஐத் தாண்டாது. துறையையே மாற்றிய கட்டுரையும் இதில் ஒன்றுதான்; சாதாரணக் கட்டுரையும் ஒன்றுதான்.

வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி என பல இடங்களில் இந்த எண்ணையும் பார்க்கிறார்கள். எண்ணை மட்டும் பார்த்தால், பிரன்கோ போன்றவர்கள் முதல் சுற்றிலேயே கழிந்துவிடலாம். ஒருவர் என்ன கண்டுபிடித்தார்னு தெரியணும்னா, அவர் கட்டுரையைப் படித்துத்தான் ஆகணும்.