சுற்றுக்கு ஒரு வெடி

ரேடியோவில் பறக்கும் குட்டி விமானங்களின் பெட்டி மேல் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருப்பார்கள்: '.46 டூ-ஸ்ட்ரோக் அல்லது .70 ஃபோர்-ஸ்ட்ரோக்'. அந்த 'அல்லது' இருக்கிறதே, அது எத்தனையோ பேர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. சர்வர் வந்து 'சாதாவா, ரவாவா?' என்று கேட்டுவிட்டுத் தலைக்கு மேல் நிற்கிற மாதிரி ஒரு 'அல்லது'. தோசை சரியில்லை என்றால் அரை மணியில் மறந்துவிடலாம். எஞ்சின் சரியில்லை என்றால், தலைகீழாகப் போய்க்கொண்டிருக்கும் விமானம் பத்து மீட்டர் உயரத்தில் திடீரென்று மௌனமாகிவிடும். அப்புறம் சாக்குப் பையோடு போய்ப் பொறுக்க வேண்டியதுதான்.

வங்கியில் வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர் ரெண்டு வருஷம் ட்ரெயினர் விமானம் ஓட்டிவிட்டு, லூப், ரோல் எல்லாம் அடிக்கிற விமானத்துக்கு ஆசைப்பட்டார். எட்டு மாசம், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பால்ஸா கட்டையை ஒட்டி ஒன்றைக் கட்டியும் முடித்தார். மூக்கில் எஞ்சின் மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவருக்கு நான்தான் எடுபிடி. கேன் தூக்குவது, பிளக்கைச் சூடாக்கிக் கொடுப்பது இத்யாதி. அந்த உரிமையில் என்னைக் கேட்டார்: "எதுல சார் பவர் ஜாஸ்தி?"

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே இரட்டை, இரட்டைப் பதிவுக் கணக்கு. இருந்தாலும் கேள்வியிலேயே ஏதோ பிசகு இருப்பதாகப் பட்டது.

உள்ளே நடப்பதை முதலில் பார்த்துவிடுவோம். டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒரு தடவை கீழே போய் மேலே வந்தால் ஒரு வெடி. சுத்தமான தினக்கூலி. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் உறிஞ்சுவது, அமுக்குவது, வெடிப்பது, புகையைத் தள்ளுவது என்று நாலு காரியத்துக்கு ரெண்டு சுற்று. ஒரு நாள் வேலை, மறுநாள் லீவு. (எந்த ஆபீஸ் மாதிரி என்று சொல்லமாட்டேன், எனக்கு அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள்.) ஆக, ஒரே அளவு சிலிண்டர் என்றால் டூ-ஸ்ட்ரோக்குக்குத்தான் பலம். அதைச் சரிக்கட்டத்தான் .46-க்கு எதிரே .70. இவை கன அங்குலக் கணக்கு; சி.சி.யில் சொன்னால் ஏழரைக்குப் பதிலாகப் பதினொன்றரை.

டூ-ஸ்ட்ரோக்குக்குள் அசைகிற முக்கிய உறுப்புகள் மூன்றே மூன்று: பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இவற்றோடு கேம் ஷாஃப்ட், புஷ் ராடுகள், ராக்கர்கள், ரெண்டு வால்வுகள் என்று ஒரு கூட்டுக் குடும்பமே குடியிருக்கிறது. விலையும் அதற்கேற்ற மாதிரி.

பைக் ஓட்டியவர்களுக்கு இந்த வழக்கு புதுசில்லை. 1985-ல் நம் நாட்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் ஹீரோ ஹோண்டா சி.டி. 100-ம் ஒரே வருஷத்தில் வந்தன. முன்னது டூ, பின்னது ஃபோர். பிக்கப் பிரியர்கள் ஒரு கட்சி, மைலேஜ் பிரியர்கள் எதிர்க்கட்சி. ஆனால் அந்த அனுபவத்தை அப்படியே ஆகாசத்துக்கு எடுத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். சாலையில் பலத்தை டயர் தரைக்குக் கொடுக்கிறது. மேலே டயர் ஏது, தரை ஏது? காற்றைக் கடிக்கிற ப்ரொப்பெல்லர் ஒன்றுதான் கதி.

அந்த .46 டூ-ஸ்ட்ரோக்குக்கு வழக்கமாக 11 அங்குல ப்ரொப்பெல்லர் மாட்டுவார்கள். நிமிஷத்துக்குச் சுமார் 12,000 சுற்று. .70 ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு 13 அங்குலம். சுமார் 9,500 சுற்று. ரெண்டுக்கும் பிட்ச் 6 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது திருகாணி மாதிரி ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னேற வேண்டும். நழுவலைத் தள்ளிவிட்டுப் பெருக்கினால் முதலாவதற்கு மணிக்கு 110 கிலோமீட்டர், ரெண்டாவதற்கு 87.

"அப்ப டூ-ஸ்ட்ரோக்தான சார் பெஸ்ட்டு?" என்றார் நண்பர்.

நேர் ஓட்டத்துக்கு சரி. ஏரோபேட்டிக்ஸில் நடுவர்கள் பார்ப்பது வேகத்தை அல்ல, ஒரே சீரான வேகத்தை. லூப் என்றால் தட்டை வைத்து வரைந்த மாதிரி வட்டமாக இருக்க வேண்டும். விமானத்தின் சுபாவமோ, ஏறும்போது முனகும், இறங்கும்போது கல் மாதிரி விழும். நம் சேமிப்புக் கணக்குக்கும் இதே சுபாவம்தான். பெரிய ப்ரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றினால், ஏறுகையில் நிறையக் காற்றைப் பிடித்து இழுக்கும். இறங்குகையில் த்ராட்டிலைக் குறைத்ததும் அதுவே பிரேக் ஆகிவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எதில் பவர் ஜாஸ்தி என்பதல்ல. எது பெரிய ப்ரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றும் என்பதுதான்.

இதை உலக சாம்பியன்களே கொஞ்சம் லேட்டாகத்தான் கண்டுகொண்டார்கள். எஃப்3ஏ என்று ஒரு போட்டி வகுப்பு இருக்கிறது. ரேடியோ ஏரோபேட்டிக்ஸின் உச்சம் அதுதான். 1970களில் அங்கே எல்லாரும் 10 சி.சி. டூ-ஸ்ட்ரோக்கில் ட்யூன்ட் பைப் மாட்டி, உள்ளிழுத்துக்கொள்ளும் சக்கரங்களோடு அம்பு மாதிரி பறந்தார்கள். ஒரு வித்தை, அப்புறம் தூரமாகப் போய்த் திரும்பி வந்து அடுத்த வித்தை. 1980களில் ஆட்ட விதி மாறியது. வானத்தில் கற்பனையாக ஒரு பெட்டி போட்டு, அதற்குள்ளேயே, திரும்புவதையும் ஒரு வித்தையாகச் செய் என்றார்கள். பெட்டிக்குள் அம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கூடவே ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் 20 சி.சி. வரை போகலாம் என்ற சலுகை. ஜப்பானிய ஒய்.எஸ். கம்பெனி, கிராங்க் கேஸையே பம்ப்பாக்கிக் கூடுதல் காற்றைத் திணிக்கும் ஃபோர்-ஸ்ட்ரோக்குகளைக் கொண்டுவர, பந்தயம் அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தது. சி.சி. வரம்பையே பின்னால் எடுத்துவிட்டார்கள். 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் இறக்கை, 5 கிலோ எடை என்ற கட்டு மட்டும் மிச்சம். அப்புறம் சத்தக் கட்டு: 3 மீட்டர் தள்ளி வைத்து அளந்தால் 94 டெசிபெல்.

சத்தம் என்றதும் நண்பரின் முகம் மாறியது. காரணம் உண்டு. எங்கள் மைதானத்தை ஒட்டி ஒரு காலனி. ரெண்டு தடவை புகார் வந்தாகிவிட்டது. மூன்றாவது வந்தால் இடம் போய்விடும். அப்புறம் எந்த எஞ்சினை வைத்துக்கொண்டு எங்கே பறப்பது?

இதற்கும் கணக்கு இருக்கிறது. 12,000 சுற்று டூ-ஸ்ட்ரோக் விநாடிக்கு 200 தடவை வெடிக்கிறது. 9,500 சுற்று ஃபோர்-ஸ்ட்ரோக் சுமார் 80 தடவை. முன்னது பக்கத்து வீட்டில் விடிகாலையில் சட்னி அரைக்கிற மிக்ஸி. பின்னது வயலில் ஓடுகிற பம்ப் செட். டெசிபெல்லில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால்கூடக் காது பம்ப் செட்டை மன்னிக்கிறது. மிக்ஸியை மன்னிப்பதில்லை.

'முதல் ஸ்டன்ட் விமானம், விழுந்து உடையத்தான் போகிறது, மலிவான டூ-ஸ்ட்ரோக் போதும்' என்பதுதான் நான் யாருக்கும் சொல்லும் யோசனை. மூன்றே உறுப்புகள், மண்ணில் குத்தினாலும் கழுவித் துடைத்து மறுபடி ஓட்டலாம். ஆனால் நண்பருக்கு ஃபோர்-ஸ்ட்ரோக் என்றேன். காலனி அங்கே இருக்கிற வரைக்கும் வேறு பதில் இல்லை. ஆறு மாச ஓவர்டைம் அதில் போயிற்று. அவர் வீட்டில் என் பேர் கொஞ்ச நாளாக அவ்வளவு நன்றாக இல்லை.

வாங்கியதோடு தீரவில்லை. அவ்வப்போது வால்வ் இடைவெளியை, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். கலவையை ரொம்ப மெலிய வைத்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்து ப்ரொப்பெல்லரையே கழற்றி எறியும். அதனால்தான் அதற்கு ரெட்டை நட். டூ-ஸ்ட்ரோக்குக்கு வேறு வியாதி: நீளமாக இறங்கும்போது ஐட்லிங்கில் எரிபொருள் உள்ளே சேர்ந்து, கீழே வந்து த்ராட்டிலைத் திறக்கிற நேரத்தில் இருமும். இருமக்கூடாத இடமே அதுதான்.

எரிபொருள் ரெண்டுக்கும் ஒன்றுதான்: மெதனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், எண்ணெய். ஸ்பார்க் கிடையாது. பிளக்கில் உள்ள பிளாட்டினக் கம்பி மெதனால் பட்டுத் தானே கனன்றுகொண்டிருக்கும். பேட்டரி ஸ்டார்ட் பண்ண மட்டும். 1947-ல் அமெரிக்காவின் ரே ஆர்டன் கடைக்குக் கொண்டுவந்த சங்கதி. எண்ணெய் என்பது பல பேருக்கு இன்றும் ஆமணக்கு எண்ணெய்தான். சாதா மோட்டார் எண்ணெய் மெதனாலோடு சேராது, நம் பாட்டி வயிறு சுத்தம் பண்ணக் கொடுத்த விளக்கெண்ணெய் சேரும். பறந்து இறங்கிய விமானம் பூராவும் அந்தப் பிசுக்குதான்.

மெதனாலை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இதுதான். கேன் மேல் பெரிதாக 'விஷம்' என்று எழுதிப் பூட்டி வையுங்கள். வெயிலில் அதன் ஜுவாலை கண்ணுக்குத் தெரியாது என்பதும் ஞாபகமிருக்கட்டும்.

'இப்பெல்லாம் பேட்டரிதானே?' என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். எஃப்3ஏ போட்டிகளில் இன்று பெரும்பாலும் மின் மோட்டார்தான். பெரிய ப்ரொப்பெல்லர், நிதானச் சுற்று, இறங்கும்போது பிரேக், சத்தமும் கம்மி. ஃபோர்-ஸ்ட்ரோக் எந்தக் காரணத்துக்காக ஜெயித்ததோ அதே காரணத்தால்தான் தோற்றது. ஆனால் டாங்க்கை ரொப்பி ரெண்டே நிமிஷத்தில் மறுபடி கிளம்ப முடிகிறதே என்று எஞ்சினை விடாதவர்கள் இருக்கிறார்கள். அந்த விளக்கெண்ணெய் வாசனைக்காகவே வருகிற ஆசாமிகளையும் பார்த்திருக்கிறேன்.

இடமிருப்பதால் ஒரு வினோதம். என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்கள் பார்த்திருக்கலாம், ரெண்டு கம்பியில் கட்டி, நடுவில் நிற்கிறவரைச் சுற்றிப் பறக்கும் விமானத்தை. அதிலும் ஸ்டன்ட் உண்டு. அதற்கென்றே அமெரிக்காவில் ஃபாக்ஸ் 35 என்று ஒரு டூ-ஸ்ட்ரோக் பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. அதில் வேண்டுமென்றே கலவையைக் கெட்டியாக வைப்பார்கள். நேராகப் போகும்போது எஞ்சின் திணறி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும், அச்சு அசல் ஃபோர்-ஸ்ட்ரோக் மாதிரி. லூப்புக்கு மூக்கைத் தூக்கினால் கலவை மெலிந்து, சுற்றுக்கு ஒரு வெடியாகிப் பலம் பீறிடும். மூக்கு சமமானதும் மறுபடி அடங்கிவிடும். த்ராட்டிலைத் தொடுவதே இல்லை. நீ டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா என்று அந்த எஞ்சினைக் கேட்டால், இப்போது மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று திருப்பிக் கேட்கும்.